குரைத்துப் பேசவும்

நகரசபைத் தலைவருக்கு இரைச்சல் ஆகாது. அதாவது மற்றவர்களின் இரைச்சல். தன் குரலை மட்டும் ஒலிபெருக்கி வைத்துக் கேட்டு ரசிப்பார். 'சிங்கமே!' என்று ஆதரவாளர்கள் சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். சிங்கம் இருக்கிற இடத்தில் மற்ற பிராணிகள் அடங்கித்தானே இருக்க வேண்டும்? சட்டம் போட்டார்: இக்கட்டடத்துக்குள் அனைவரும் குறைத்துப் பேச வேண்டும், மீறுவோர் உடனே வெளியேற்றப்படுவர்.

அதைத் தட்டச்சு செய்தவன் தலைவரின் மச்சினன். சின்ன ர, பெரிய ற என்று பேதம் பார்க்காத சமத்துவவாதி. 'குரைத்துப் பேச வேண்டும்' என்று அடித்து வைத்தான். உறுப்பினர்கள் படிக்காமலே கை தூக்கினார்கள். கல்லில் வெட்டி, வாசலில் பதித்து, தலைவரே திரையை விலக்கி, கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் எழுத்து அவர் கண்ணில் பட்டது.

"திருத்திடலாமா ஐயா?" என்று காதோரம் கேட்டார் சட்ட ஆலோசகர்.

"நான் திறந்து வெச்ச கல்லு. அதுல தப்புன்னா நானே தப்புன்னு ஆயிடும். அதோட, 'உன் தம்பிக்கு எழுத்து தெரியலை'ன்னு எங்க வீட்டம்மாகிட்ட யார் சொல்றது? நீங்க வந்து சொல்றீங்களா?"

ஆலோசகருக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. பதிலாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "உலகத்துல இல்லாத சட்டமா? ஒரு நாட்டுல ராஜா தாடிக்கு வரி போட்டார். இன்னொரு ஊர்ல முட்டை போட்ட குத்தத்துக்குச் சேவலை விசாரிச்சு எரிச்சாங்க. அதுக்கு இது எவ்வளவோ நாகரிகம்!"

கூட்டத்தில் நின்ற சலூன்காரருக்குத் தாடி விஷயம் மட்டும் மனதில் தங்கியது. "போட்டதுதான் போட்டாங்க, அதைப் போட்டிருக்கக் கூடாதா?" என்று பெருமூச்சு விட்டார்.

அவர் கவலை அவருக்கு. கடை உரிமம் அந்த வாரத்தோடு முடிகிறது. தலைவர் கையெழுத்துப் போடாவிட்டால் கடைக்குச் சீல். மறுநாளே போனார். வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

"குரைங்க."

சலூன்காரர் வெட்கத்தோடு தொண்டையைச் செருமினார்.

"இது இருமல். வெளியே!"

கெடுவின் கடைசி நாளன்று மனைவியும் கூடவே கிளம்பினாள்.

"எத்தனை பெரிய மனுஷங்க எங்கிட்ட தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடி போய் நாய் மாதிரி..." என்று இழுத்தார் சலூன்காரர்.

"வீட்ல எம்மேல விழுந்து குரைக்கிறப்ப இந்த வெட்கம் எங்க போச்சு? ரெண்டு தரம் குரைச்சா குறைஞ்சா போயிடுவீங்க?"

உள்ளே அலுவலகம் பழகிப்போயிருந்தது. "லொள், வரி மாடியில, லொள்" என்று குமாஸ்தா வழி காட்டினார். தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்த ஒருவர் துக்கம் தாளாமல் ஊளையிட்டார். சட்டத்தில் ஊளை இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள்.

தலைவர் அறையில் சலூன்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "லொள்! ஐயா, கடை உரிமம். லொள் லொள்!"

தெருவிலிருந்து நிஜ நாயொன்று பதில் கொடுத்தது.

"அட, உனக்கு நல்லா வருதே!" என்று தலைவர் மகிழ்ந்துபோய்ப் பேனா மூடியைத் திறந்தார்.

வாட்ச்மேன் உள்ளே வந்து விறைப்பாக நின்றார். "லொள். ஐயா, வெளிய வாங்க."

"என்னய்யா உளர்றே?"

"லொள். அனைவரும்னு கல்லுல இருக்கு. நீங்க சும்மா பேசிட்டீங்க. யாரா இருந்தாலும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுன்னு நீங்கதான் சொன்னீங்க."

தலைவர் பக்கத்தில் நின்ற ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் மின்விசிறியைப் பார்த்தார். "சட்டப்படி..." என்று தொடங்கியவர் சட்டென்று சுதாரித்து, "லொள், சட்டப்படி அவர் சொல்றது சரிதாங்க" என்றார்.

வாட்ச்மேனின் கை தலைவரின் சட்டைக் காலரை நெருங்கியது. சலூன்காரர் கண்ணுக்குப் பேனா முனை மட்டுமே தெரிந்தது. அது இன்னும் காகிதத்தைத் தொடவில்லை. இவரை வெளியே தள்ளிவிட்டால் கையெழுத்துக்கு எங்கே போவது?

"ஐயா, லொள், சவரத்துக்குக் கன்னத்தை உப்புவீங்களே, அப்படி உப்பிக்குங்க. அடிவயித்துலேருந்து விடுங்க. தானா வந்துடும்."

தலைவர் உப்பினார். முகம் சிவந்தது. மீசை துடித்தது. "லொள்" என்று கண் திறக்காத குட்டியின் குரல் ஒன்று சிங்கத்தின் வாயிலிருந்து வந்து விழுந்தது.

"செல்லும்" என்று வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். தலைவர் யார் முகத்தையும் பார்க்காமல் கையெழுத்தைக் கிறுக்கித் தள்ளினார்.

படியிறங்கும்போது மனைவி உரிமத்தை வாங்கிப் படித்தாள். மச்சினன் இதிலும் கைவைத்திருந்தான். முடி திருத்தும் நிலையம் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'முடி திருடும் நிலையம்' என்றிருந்தது.

"ஐயையோ! போய்த் திருத்தச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று சலூன்காரர் திரும்பினார்.

"போங்க. மறுபடி குரைக்கணும், அவ்வளவுதான்."

அவர் ஒரு கால் மேல்படியிலும் ஒரு கால் கீழ்ப்படியிலுமாக நின்று யோசித்தார். பிறகு உரிமத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு விதத்துல பார்த்தா சரிதான். வெட்டின முடியை இதுவரைக்கும் யாருக்குத் திருப்பிக் குடுத்திருக்கேன்?"