மேல்நோக்கி விழுந்த பந்து

1

இந்தக் கதை ஒரு கூட்டல் குறியில் பிறந்தது. மாலை வகுப்பு முடிந்து வந்ததும் நாட்குறிப்பு எழுதுவது என் வழக்கம். அன்று அந்தக் குறியைத் தாண்டி ஒரு வரியும் நகரவில்லை. சரி, கதையாக்கிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கதையில் வரும் பெண் நான் இல்லை. (இப்படிச் சொல்பவர்களை நானும் நம்புவதில்லை.)

முதல் தொடக்கம்: "ஜன்னலுக்கு வெளியே அந்தி சாய்ந்து..." [அடித்தது. அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.]

இரண்டாம் தொடக்கம்: அவளுக்கு அத்தான் மேல் சந்தேகம். இது நிற்கட்டும்.

2

முதலாண்டு இயற்பியலைப் பேராசிரியர் பெரிய அரங்கில் நடத்துவார். அங்கே தூங்கினாலும் தெரியாது. அதற்குப் பிறகு டிஸ்கஷன் என்று ஒரு சின்ன வகுப்பு. அங்கே பாடம் கிடையாது. மூன்று பேருக்கு ஒரு வெள்ளைப் பலகை, ஒரு கணக்கு, ஆளுக்கோர் அட்டை: நடத்துபவர், எழுதுபவர், சந்தேகி. சந்தேகியின் வேலை, ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்பது. எழுதியதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடிக்கலாம். (நானும் அப்படியே செய்கிறேன்.) கடைசியில் பயிற்றுநர் வந்து ஒருவரைக் கைகாட்டுவார். அவருடைய விளக்கத்துக்கு விழும் மதிப்பெண்தான் மூவருக்கும்.

பயிற்றுநர் ஓர் ஆராய்ச்சி மாணவி. கேள்வி கேட்டால் கேள்விதான் பதிலாக வரும்.

"இது சரியா மேடம்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" *

* அவருக்கே விடை தெரியாது என்ற வதந்தி முதல் வாரமே கிளம்பிவிட்டது. கிளப்பியது யாரென்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

3

அவள் பகலில் மருந்துக்கடையில் நிற்பவள். சீட்டை இருமுறை படிக்காமல் மாத்திரையைத் தொடமாட்டாள். அன்று சந்தேகி அட்டை அவளுக்கு வந்தது. எழுதுபவர், அக்காவின் கணவர்; கட்டட வரைபடம் போடுபவர், போன ஆண்டு இதே பாடத்தில் தோற்றவர். நடத்துபவர் ஒரு பேக்கரிக்காரர். விடியுமுன் அடுப்பு மூட்டுகிறவர் என்பதால் மாலையில் எதையும் நடத்துவதில்லை.

கணக்கு இது: பதினைந்து மீட்டர் உயர மாடியிலிருந்து பந்தை நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிந்தால், தரையில் மோதும்போது அதன் திசைவேகம் என்ன? (ஈர்ப்பு முடுக்கம் பத்து.)

அத்தான் ஓர் அம்பு வரைந்து, "மேலே கூட்டல்" என்று எழுதினார். யாரும் வாய் திறக்குமுன் கீழ் மூலையில் +20 என்று போட்டு வட்டமிட்டார். அதற்கப்புறம்தான் நடு வரிகளை நிரப்பினார்.

"விடை எப்படி அத்தான் முன்னாடியே வந்துச்சு?"

"மனக்கணக்கு."

"விருந்துக்கு எத்தனை தட்டு வைக்கணும்னு அக்காவைக் கேக்குற ஆளு நீங்க."

"தட்டுக்கு ஃபார்முலா இல்லையேம்மா."

பேக்கரிக்காரர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "விடை சரின்னா விடும்மா. வெந்த ரொட்டியை எதுக்குக் குத்திப் பாக்கணும்?"

"வெந்துச்சான்னு தெரியத்தான் குத்துறோம்."

அவள் வரி வரியாகப் பார்த்தாள். கீழே இழுக்கும் ஈர்ப்புக்குக் கூட்டல். பந்து கீழே இறங்கிய உயரத்துக்கும் கூட்டல். மேலே கூட்டல் என்றால் இரண்டுமே கழித்தல் அல்லவா? ஆனால் அவற்றைப் பெருக்கும்போது ஒரு தப்பு இன்னொன்றைத் தின்றுவிட, இருபது அசையாமல் நின்றது. முன்னால் இருந்த கூட்டல் மட்டும் காட்டிக்கொடுத்தது. அத்தானின் பந்து மேலே போய்க்கொண்டே தரையில் மோதுகிறது.

முந்தின நாள் டிஸ்கஷனுக்கு வந்த செவ்வாய்க்கிழமைக் குழுவுக்கும் இதே கணக்குதான். அதில் அத்தானுக்கு ஒரு நண்பர் உண்டு.

4

இங்கே அக்காவை அழைத்து வர வேண்டியிருக்கிறது. அன்று காலை தொலைபேசியில் அவள் சொன்னது:

"இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்பையே விட்டுடுவேங்கிறாருடி. நீ பக்கத்துலதானே இருக்கே. பாத்துக்க."

"பாத்துக்கன்னா?"

"பாத்துக்கன்னா பாத்துக்க."

[கதைக்கு அழுத்தம் வேண்டுமென்று அக்காவை நான் புகுத்தியதாக நீங்கள் சந்தேகப்படலாம். படுங்கள்.]

கைவிடாதே என்பதும் பாத்துக்கதான். ஒரு கண் வைத்துக்கொள் என்பதும் பாத்துக்கதான். அக்கா குறி போடாமல் சொல்லிவிட்டாள்.

5

முடிவு அ: அவள் கேட்கிறாள். அத்தான் குரலைத் தாழ்த்துகிறார். "போன வருஷம் இதே கணக்குலதான் பலகை முன்னாடி முழிச்சுக்கிட்டு நின்னேன். இருபது மட்டும் மறக்கல." [அடித்தது. கண்ணில் நீர் வரவழைக்கும் விடைகளை நான் நம்புவதில்லை. ஆனால் விதிப்படி அழிக்கவும் இல்லை.]

முடிவு ஆ: அவள் பேசாமல் இருக்கிறாள். பயிற்றுநர் பேக்கரிக்காரரைக் கைகாட்ட, அவர் எழுந்து [பாதியில் விட்டது. சிரிப்பு வரும், அத்தானும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன்.]

முடிவு இ: பயிற்றுநர் வந்தார். வட்டத்துக்குள் இருந்ததைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அத்தானைக் கைகாட்டினார். அத்தான் பேனாவின் மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

"இருங்க. இங்க சந்தேகி யாரு?"

அவள் அட்டையைத் தூக்கினாள்.

"அவர் விளக்குறதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது கேக்கணுமா?"

அத்தான் அவளைப் பார்த்தார். வேண்டாம் என்றாரா, கேளு என்றாரா? அந்தப் பார்வைக்கும் குறி இல்லை.

அவளிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. பந்து எந்தப் பக்கம் போகிறது என்பது ஒன்று. அதைக் கேட்டால் அவரே தன் குறிகளைத் திருத்திக்கொள்ள வழியுண்டு. இருபது எங்கிருந்து வந்தது என்பது இன்னொன்று. கேட்டால் அப்புறம் அக்கா வீட்டுப் படியேற முடியாது. எதையும் கேட்காவிட்டால், பயிற்றுநர் கேட்பார்.

எது என்று எனக்குத் தெரியவில்லை. அட்டையை உங்களிடம் நீட்டுகிறேன். சீக்கிரம். இரண்டு கேள்விக்கும் முதல் சொல் ஒன்றுதான், அதை அவள் சொல்லியும் விட்டாள்:

"அத்தான்,