விழுந்ததற்கான காரணம்

நர்சிங் கண்காணிப்பாளருக்கு எலும்பு வார்டில் வைத்த பெயர் 'சதவீதம்'. அவர் ஒரு நோயாளியைக் கைத்தாங்கலாக நடத்திப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் நோயாளிகள் விழாமல் தடுப்பது எப்படி என்று ஆராய்ச்சி செய்கிறார். கட்டிலைத் தொடாமலே கட்டிலைப் பற்றி அறுபது பக்கம் எழுதத் தனித் திறமை வேண்டும் என்று வார்டின் மூத்த நர்ஸ் நினைத்துக்கொள்வாள். நினைப்பதோடு சரி, வாயைத் திறந்ததில்லை.

ஆராய்ச்சி என்பது ஒரு படிவம். தினமும் மதியம் இரண்டிலிருந்து மூன்றுவரை, ஆளுக்கு இருபத்திரண்டு கேள்வி. நிரப்பும் நர்ஸ் மேசையை விட்டு எழக்கூடாது. கவனம் சிதறினால் புள்ளிவிவரம் கெட்டுவிடுமாம். நோயாளியின் செருப்பு வழுக்குமா என்று மேசையிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். சாப்பிட்டவர்களுக்கெல்லாம் கழிப்பறை போகத் தோன்றுவதும் அந்த நேரத்தில்தான். வார்டைக் கூட்டும் அம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளை யார் கேட்டார்கள்?

ஒன்பதாம் கட்டிலில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். இடுப்பு முறிவுக்கு ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாளாகிறது. மறுநாள் மகள் வந்து வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டையை அவர் காலையிலேயே மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்.

இரண்டே காலுக்கு மணியடித்தார். மேசையில் மூத்த நர்ஸ்தான் இருந்தாள்.

"சிஸ்டர், பாத்ரூம் போகணும்."

"ரெண்டு நிமிஷம் ஐயா. உங்க ஃபாரம்தான் எழுதிட்டிருக்கேன்."

"நீங்க எழுதுங்க. நான் மெதுவா போயிக்கிறேன்."

"எந்திரிக்காதீங்க. இதோ வந்துட்டேன்."

பதினேழாவது கேள்வி: உதவி கேட்டால் உடனே கிடைக்கிறதா? 'ஆம்' என்று அவள் டிக் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

எக்ஸ்ரேயில் பழைய முறிவுக்குக் கீழே புதிதாக ஒன்று தெரிந்தது. "மககிட்ட என்ன சொல்றது?" என்றுதான் அவர் கேட்டார். சதவீதத்தைத் திட்டச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் நர்ஸுக்குத் தனக்கே பொருந்திப் போயின. இத்தனை ஏளனத்தையும் மனதில் வைத்துக்கொண்டு நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தது யார்?

மறுநாள் இரண்டு மணிக்குச் சதவீதம் வந்தார். ஒன்பதாம் கட்டிலருகே மகள் காலிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். சதவீதம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"வெள்ளிக்கிழமை மாநாடு. மூணு மாசமா நம்ம வார்டுல விழுந்தவங்க பூஜ்யம். 'நோயாளி தானாகத் தரையில் உட்கார்ந்தார்'னு எழுதிடுங்க. போன மாசம் ரெண்டு பேருக்கு அப்படித்தானே எழுதினீங்க?"

எழுதித்தான் இருந்தாள்.

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை, மேடம்."

"இவருக்கும் ஆபரேஷன் பண்ணிடுவாங்க."

நர்ஸ் ஒன்பதாம் கட்டிலின் முந்தின நாள் படிவத்தை இழுத்து, 'விழுந்ததற்கான காரணம்' என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினாள்: 'மணியடித்தார். நான் இந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். எழுந்து போகவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

சதவீதம் இரண்டு முறை படித்தார். "இதை நான் எந்தத் தலைப்புல சேர்க்கிறது?"

நான்காம் கட்டிலில் மணியடித்தது. அன்றைய படிவங்கள் இருபதும் மேசையில் வெறுமையாகக் கிடந்தன. பேனாவை அவற்றின் மேல் போட்டுவிட்டு நர்ஸ் எழுந்து போனாள்.