எட்டடி தூரத்து மெசேஜ்

ஜோதிக்கு வாய் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது, சாப்பிடுவதற்கு. பேசுவதற்கு இரண்டு கட்டைவிரல்கள் இருந்தன.

கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பில் அவள்தான் முதல். டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைத் தட்டிவிடுவாள். பள்ளிக்கூடம் திறந்ததும் எழுந்து நின்று சொல்லச் சொன்னார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிளஸ் ஒன்னில் ஒரு நாள் பாடத்தை உரக்க வாசிக்கச் சொன்னபோது, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான்.

"இந்த வேலையாவது ஒழுங்கா பாரு. இதுவும் போச்சுன்னா டுடோரியல்ல கொண்டுபோய் உட்கார வச்சிருவேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். டுடோரியலில் தினமும் எழுந்து வாசிக்க வேண்டுமாம்.

வேலை, ஸ்ரீரங்கத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் டைப்பிங். முதலாளி அழகிரி எட்டடி தள்ளிக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கடை குரூப்பில்தான் போடுவார். 'ஜோதி, ஃபேனைக் குறை.' ஜோதி கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுக் குறைப்பாள். சொர்க்கம்! கே.கே. நகரில் வீட்டிலிருந்தே டிசைன் செய்யும் மார்ட்டினை அவள் பார்த்ததே இல்லை. கட்டைவிரல் பழக்கம் மட்டும். கவுண்டரில் இருக்கும் ஜாஸ்லின்தான் வாயால் பேசுவாள், எல்லாருக்கும் சேர்த்து.

சொல்லாத பதில்களெல்லாம் ஜோதியின் நோட்டுக்குள் போகும். அம்மா அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவாளோ என்ற பயத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அவ்வளவு கெட்டிக்காரி.

வியாழக்கிழமை காலை, பத்திரிகை ப்ரூஃபுக்குப் பதிலாக அந்த நோட்டுப் பக்கம் ஒன்று குரூப்புக்குப் போய்விட்டது. தலைப்பு: 'முதலாளியிடம் சொல்ல வேண்டியவை.' ஒன்று: எட்டடிக்கு மெசேஜ் அனுப்புகிறீர்களே, வாயை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? இரண்டு: நீங்கள் அனுப்பும் ரோஜாப்பூ குட்மார்னிங்கைப் பார்த்தால் மறுபடி தூக்கம் வருகிறது. மூன்று: எல்லாவற்றுக்கும் 'அவசரம்' என்று போட்டால் நிஜ அவசரத்துக்கு என்ன போடுவீர்கள்?

சட்டென்று அழித்தாள். பக்கம் மறைந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த பத்து நிமிடம் அவளைப்போல் நிம்மதியான ஜீவன் திருச்சி மாவட்டத்திலேயே கிடையாது.

"ஏ ஜோதி, ரெண்டாவது பாயிண்ட் செமடி" என்றாள் ஜாஸ்லின். "மார்ட்டின் அண்ணன் கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு போட்டிருக்கார்."

"அதான் அழிச்சுட்டேனே..."

"உனக்கு மட்டும் அழிச்சிருக்கடி, லூசு. எங்களுக்கெல்லாம் பளிச்சுனு இருக்கு."

ஆக, குரூப்பில் அந்தப் பக்கத்தைப் பார்க்க முடியாத ஒரே ஆள் அதை எழுதியவள்தான்.

போன் அதிர்ந்தது. அழகிரி: 'உள்ளே வா.'

எட்டடி, கொள்ளிடம் பாலம் அளவுக்கு நீண்டது. தடுப்புக்குள் நின்றபடி 'மன்னிச்சிடுங்க சார்' என்று டைப் செய்யத் தொடங்கினாள்.

"போனை வை" என்றார் அழகிரி. "நாலுன்னு நம்பர் போட்டிருக்க. அதோட போட்டோ முடிஞ்சிருச்சு. நாலு என்ன?"

"நோட்டுல இருக்குங்க சார்."

"எடுத்துட்டு வந்து படி. சத்தமா."

எதற்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டாளோ, அது கடைக்கே வந்துவிட்டது. படித்தால் வேலை போகலாம். படிக்காவிட்டால் நிச்சயம் போகும், அப்புறம் டுடோரியலில் தினமும் இதே கதி. நோட்டை எடுத்து வந்தாள்.

"நாலு..." பூனைக்குட்டிக் குரல்.

"கவுண்டருக்குக் கேக்கல!" என்றாள் ஜாஸ்லின்.

"நாலு! இத்தனையும் எழுதுகிற நான், ஒரு நாளாவது எட்டடி எழுந்துபோய் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதலாளிக்காவது முட்டி வலி. எனக்கு என்ன கேடு?"

அழகிரி தன் முழங்காலைப் பார்த்தார். "முட்டி வலின்னு யார் சொன்னா?"

"நடக்கறப்ப தெரியுதுங்க சார்."

"ம். போ, அம்மா மண்டபம் ரோட்டுக் கல்யாண வீட்டுக்காரங்க ப்ரூஃபை ஒழுங்கா அனுப்பு. மத்தியானம் வந்துருவாங்க."

வேலை போகவில்லை என்பது நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. போன் மறுபடி அதிர்ந்தது. குரூப்பில் அழகிரி: 'இனிமேல் கடைக்குள் மெசேஜ் கூடாது. எதுவானாலும் நேரில் பேசவும். அவசரம்.'

உடனே மூன்று கட்டைவிரல்கள் விழுந்தன. முதலாவது ஜோதியுடையது.