மூடிய டப்பாவுக்குள் வெளிச்சம்

1

இந்தக் கதை ஒரு மல்டிமீட்டரிலிருந்து வந்தது. எனக்குக் கற்பனை அவ்வளவாக வராது. இயற்பியல் படித்தவள், எண்ணைக் காட்டினால் நம்பிவிடுவேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "சுரங்கத்தின் இருட்டில் அவன் தன்னந்தனியாக—"

வேண்டாம். அவன் இல்லை, என் அக்கா. ஆணாக மாற்றிப் பார்த்தேன். அக்காவைப் போல அவன் எதற்கும் கிண்டலடிக்கவில்லை.

2

நீர்ச்சுரங்கத்தில் பழுதுபார்க்கும் வேலை முடிந்ததும் அக்காதான் கடைசியாக உள்ளே நடப்பாள். ஆள் யாரும் இல்லை என்று அவள் சொன்ன பிறகே மதகைத் திறப்பார்கள்.

அவளுக்கு நானே ஒரு டார்ச் செய்தேன். விளக்கு நின்றுபோனால் இருட்டில் தடவியே மாற்ற வேண்டும் என்றாள். அதனால் எல்.இ.டி.யைச் செம்புத் தகட்டில் சால்டர் செய்து, தகட்டைப் பித்தளை வளையத்தில் பதித்து, பின்னால் ஸ்பிரிங் வைத்தேன். ஒயர் கிடையாது. திருகினால் இந்த மாட்யூல் மொத்தமாகக் கழன்று வரும். இன்னொன்றைத் திருகினால் எரியும்.

(ஈரக் கையில் வழுக்காமலிருக்க வளையத்தின் விளிம்பில் கோடுகள் இழைத்தேன். கதைக்கு இது தேவையில்லை. ஆனால் அதற்குத்தான் ரொம்ப நேரம் பிடித்தது.)

3

இன்று காலை அக்கா வேலையிலிருந்து வந்து, அணைந்துபோன மாட்யூலை என் மேசையில் போட்டாள்.

"இந்தாடி, உன் அருமைக் கண்டுபிடிப்பு. பாதி வழியில மண்டையப் போட்டுடுச்சு."

"பயந்துட்டியா?"

"எதுக்கு? கழட்டுனேன், அடுத்தத மாட்டுனேன். நடுவுல கொஞ்ச நேரம் இருட்டுல நின்னப்ப... சரி விடு. பசிக்குது."

"உள்ள யாரும் இல்லைன்னு சொல்லிட்டியா?"

"சொல்லாம? மத்தியானம் தண்ணி விடுறாங்க."

4

பழுது சின்னதுதான். ஒரு சால்டர் விட்டிருந்தது. எல்.இ.டி. பிழைத்திருக்கிறதா என்று அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தேன். கொஞ்சம் மின்னழுத்தம் காட்டியது. அதிசயமில்லை. எல்.இ.டி. மின்சாரம் பாய்ந்தால் ஒளி தரும். அதன்மேல் ஒளி பட்டால் துளி மின்சாரம் தரும். ஜன்னல் வெயிலாக இருக்கும்.

உள்ளங்கையால் மூடினேன். எண் இறங்கவில்லை.

மீட்டரின் ஒயரோடு இரும்பு டப்பாவுக்குள் வைத்து மூடி, கறுப்புத் துணி சுற்றினேன். எண் விழுந்தது, ஏறியது, விழுந்தது. விளக்கின் முன்னால் யாரோ கையை வைத்து வைத்து எடுப்பதுபோல.

சுரங்கத்துக்கே போகாத இன்னொரு மாட்யூலை அதே டப்பாவில் வைத்தேன். பூஜ்யம். அப்படியானால் முதல் மாட்யூலில் படும் வெளிச்சம் இந்த அறையில் இல்லை, சுரங்கத்துக்குள்.

5

முடிவு, முதல் வரைவு: மல்டிமீட்டரில்தான் கோளாறு. (வேறொன்றிலும் பார்த்துவிட்டேன்.)

இரண்டாம் வரைவு: அக்காவிடம் சொல்கிறேன். அவள் போன் செய்கிறாள். மதகு நிற்கிறது. உள்ளே யாரும் இல்லை. "தங்கச்சி டப்பாவுல வெளிச்சம் பாத்தாளாம்" என்று அவள் வேலையிடமே சிரிக்கிறது. பிறகு அவள் சொல்லை யாரும் நம்புவதில்லை.

மூன்றாம் வரைவு: அக்கா தானே திரும்ப உள்ளே போகிறாள். மதகுக்காரருக்கு அது தெரியாமல்—

இதை முடிக்க மாட்டேன்.

6

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"அக்கா, இருட்டுல நின்னப்ப என்னமோ சொல்ல வந்தியே."

அவள் தட்டை வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தாள்.

"யாரோ என் மூஞ்சிக்கு நேரா டார்ச் அடிச்ச மாதிரி கண்ணு கூசுச்சு. பட்டுனு வெளிச்சம் போனா கண்ணு அப்படித்தான் ஏமாத்தும். இல்ல?"

அறிவியல் படித்தவள் நான்தான். என்னைத்தான் கேட்கிறாள்.

(ஆமாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.)

டப்பாவில் திரும்ப வைத்த அந்த மாட்யூலின் எண் இப்போது சீராக இறங்குகிறது. பாட்டரி தீரும்போது டார்ச் வெளிச்சம் இப்படித்தான் இறங்கும். அக்காவின் போன் அவள் பக்கத்திலேயே இருக்கிறது. நான் எது சொன்னாலும் அவள் நம்புவாள்; அதுதான் என் பயம்.

இதுவரை கூடவே வந்தீர்கள், எண்ணையும் பார்த்தீர்கள். அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களே பதில் சொல்லுங்கள்.