லார்க்கின் மாவட்டத்தின் புதிய பணியிடம்

ஜோலீன் ப்ரஸ்கா கண்ணுக்குத் தெரியாமல் போகத் தொடங்கியது ஏப்ரல் மாதத்தின் இரண்டாம் வாரத்தில். முதலில் இடது கை போயிற்று. லார்க்கின் மாவட்டத்தில் அப்போது மக்காச்சோள விதைப்பு நடந்துகொண்டிருந்தது, டீசல் விலையும் சற்று இறங்கியிருந்தது. ஆகவே செய்தி மாநிலத் தலைநகரிலுள்ள மானிய அலுவலகத்துக்கு மெதுவாகவே வந்து சேர்ந்தது. அங்கே அந்த மாவட்டத்தின் விவகாரங்களைக் கவனித்துவந்த ஆர்லிஸ் நுட்சன் தொலைபேசியில் அதைக் கேட்டபோது வியப்படையவில்லை. அப்படிச் செய்யச் சொன்னதே அவள்தான்.

காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் வாஷிங்டனிலிருந்து வரும் பணத்தைப் பங்கிட்டு அனுப்புவது அந்த அலுவலகத்தின் வேலை. அதற்கு விதிகள் பல உண்டு. எல்லாவற்றுக்கும் தலையானது, ஏற்கெனவே நடந்துவரும் வேலைக்கு இந்தப் பணம் போகக் கூடாது, புதிய வேலைக்கு மட்டுமே போக வேண்டும் என்பது. லார்க்கினில் வீட்டில் அடிபட்டு வரும் பெண்களோடு நீதிமன்றத்தில் துணைக்கு உட்கார ஓர் ஆள் வேண்டுமென்று மாவட்டக் காவல் தலைவரான ஷெரிப் டுவேன் கர்ட்ஸ் விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவும் அதற்கு நல்ல மதிப்பெண் போட்டிருந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம்: பக்கத்துப் பண்ணைக்காரன் வைக்கோல் தருகிறேன் என்று வாயால் சொன்னாலே போதும், அன்றைக்கே கொட்டகையை ஒழித்து வைத்துவிடுவார்கள். ஷெரிப்பும் அப்படியே செய்தார். தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் சுட்டு விற்று, சேர்ந்த தொகையில், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றிருந்த ஜோலீனை மானிய ஆணை வருமுன்பே வேலையில் அமர்த்திவிட்டார். அதைப் பெருமையாக ஆர்லிஸுக்குச் சொல்லவும் செய்தார். அந்த நொடியிலேயே விண்ணப்பம் செத்துப்போயிற்று.

"நல்லது செய்யறதுக்கும் நாள் பார்க்கணுமா மேடம்?" என்றார் ஷெரிப்.

"பார்க்கணும் ஷெரிப். அவங்க இப்ப இருக்காங்க. இருக்கறவங்களுக்கு நாங்க பணம் தர முடியாது."

"அப்ப என்ன பண்றது? ஆளைப் புதைச்சிடவா?"

"அடுத்த மானியச் சுற்றுக்குள்ள அவங்க இல்லாம இருக்கணும். இருந்த சுவடே தெரியக் கூடாது. அப்பத்தான் அது புதுப் பணியிடம்."

ஆர்லிஸ் இதை உதவும் எண்ணத்தோடுதான் சொன்னாள். அலுவலகத்தில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் யோசனைதான் அது. ஆனால் ஜோலீன் எதையும் அரைகுறையாகச் செய்தறியாதவள். பனிப்புயலில்கூட ஒரு பிள்ளையை வழியில் விட்டு வந்தவளல்லள். அலுவலகச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள், வீட்டுக்குப் போனாள், சொன்னபடியே இல்லாமல் போக ஆரம்பித்தாள். கைகளுக்குப் பின் தோள்கள் போயின. கோதுமை அறுவடைக்குள் இடுப்புவரை தெரியவில்லை. கணவர் ஆட்சேபிக்கவில்லை. "பாத்திரம் கழுவற வேலை இனி உங்களோடதுதான், எனக்குக் கை இல்ல பாருங்க" என்று அவள் சொன்னதாக ஊரில் சிரித்துக்கொண்டார்கள்.

சிரிக்க முடியாதவள் ஒருத்தி இருந்தாள். மிஸ்டி ஓல்வர், தாடையைக் கணவன் உடைத்த பெண். செப்டம்பரில் அவள் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அவன் கண்ணைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவள் சொன்னபோது, "அவனை எதுக்குப் பார்க்கறே? என்னைப் பாருடி. உன் எதிர்ல முதல் வரிசையிலதான் உட்கார்ந்திருப்பேன்" என்று ஜோலீன் வாக்குக் கொடுத்திருந்தாள். சம்பளம் போனபின்னும் அந்த வாக்கை அவள் திரும்பப் பெறவில்லை.

விசாரணையன்று ஆர்லிஸ் விடுப்பெடுத்து, நாலு மணி நேரம் காரோட்டி வந்து, பின் வரிசையில் உட்கார்ந்தாள். அதற்குள் ஜோலீனில் எஞ்சியிருந்தது குரல் மட்டுமே. முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் யாரும் உட்காராமல் விட்டிருந்தார்கள். நீதிபதி அதைப் பார்த்து, துணைக்கு வந்தவர்கள் சாட்சியோடு பேசக் கூடாது என்ற வழக்கமான எச்சரிக்கையைப் படித்தார். ஜோலீன் விதியை மீறாதவள். மிஸ்டி கூண்டில் ஏறி அந்த நாற்காலியைப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள். அங்கே பார்ப்பதற்கு எதுவுமில்லாததால் பார்வை மெல்ல நகர்ந்து, பக்கத்து மேசையிலிருந்த கணவனிடம் போய் நின்றது. "எனக்கு ஞாபகம் இல்ல ஐயா" என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு முன் வழக்கு முடிந்தது. அறை காலியானபின், முதல் வரிசையிலிருந்து ஒருவர் அடக்கி அடக்கி அழும் ஓசை ஆர்லிஸுக்குக் கேட்டது. அருகே போய் ஏதாவது சொல்லலாமென்று எழுந்தவள், எந்தப் பக்கம் முகம் வைத்துச் சொல்வது என்று தெரியாமல் காருக்குத் திரும்பிவிட்டாள்.

அக்டோபரில் மானியம் முழுத்தொகையாக ஒப்புதலானது; புதிய பணியிடங்களுக்கு லார்க்கின் சிறந்த எடுத்துக்காட்டு என்று குழு பாராட்டியது. ஷெரிப் விளம்பரம் செய்தார், ஜோலீன் ஒருத்திதான் விண்ணப்பித்தாள். பணியில் சேரக் கைரேகையும் புகைப்படமும் வேண்டும். ஆர்லிஸ் விதிகளில் விலக்குத் தேடினாள். குரலை ஏற்பதற்கு இடமிருக்கவில்லை. இடம் காலியாகவே கிடந்து, காலக்கெடு முடிந்து, பணம் வந்த வழியே வாஷிங்டனுக்குத் திரும்பிற்று. மிஸ்டி கணவனோடு பழைய வீட்டுக்கே போனாள். பனி உருகிய பிறகு அவளைக் கடைத்தெருவில் யாரும் காணவில்லை. அவள் விஷயத்தில் அதிசயம் எதுவும் இல்லை. பிணத்தை ஓடையில் கண்டெடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு தலைநகரில், விண்ணப்பிக்கும் மாவட்டங்களுக்கான பயிற்சி வகுப்பை ஆர்லிஸ்தான் நடத்தினாள். காபியும் டோனட்டும் வைத்திருந்தார்கள். தெற்கிலிருந்து வந்திருந்த இளைய ஷெரிப் ஒருவர் கையைத் தூக்கி, தங்களிடமும் அவசரப்பட்டு நியமித்த ஒரு பெண் இருப்பதாகவும், அவள் முழுக்க மறைய எவ்வளவு காலம் பிடிக்கும் என்றும் கேட்டார். மற்றவர்கள் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்கள்.

"ஆளைப் பொறுத்தது" என்றாள் ஆர்லிஸ். "சொன்ன சொல் தவறாதவங்கன்னா ஒரு கோடைக்காலம் போதும்."