புளிச்சைக்கு யார் சாட்சி

ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் போகும் சாலையோரத்தில் வீரம்மாளின் குடிசை. புருஷன் போய் ஆறு வருஷம். பிள்ளை கிடையாது. மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை வெட்டிவிட்டுத் திரும்பினால் அவளோடு பேச வீட்டில் அடுப்புதான் உண்டு. அப்படியும் அவள் வாசலுக்கு ஆள் வந்துகொண்டிருந்தது என்றால், அதற்குக் காரணம் புளிச்சைச் செடி.

யாரும் விதைக்காத செடி அது. எப்போதோ கயிறு திரிக்க நார் வேண்டும் என்று பக்கத்துக் கொல்லைகளில் போட்டது, விதை சிதறி அவள் குடிசையைச் சுற்றிச் சாலையோரமெல்லாம் தானாக முளைத்துக் கிடந்தது. விரல் விரலாக விரிந்த இலை, தண்டில் மெல்லிய முள், வாயில் வைத்தால் புளிப்பு. எதிர்வீட்டுக் காசியம்மாளும் டீக்கடை சுப்புராயனும் கடைய ஒரு கைப்பிடி கீரை கேட்டு வந்து நிற்பார்கள். வீரம்மாள் இரண்டு கைப்பிடி தருவாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பேசட்டுமே என்று மெதுவாகத்தான் பறிப்பாள்.

எண்பத்தாறாம் வருஷம் ஒரு காலை, புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரர் அந்தச் செடிகளுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினார். கஞ்சா விஷயத்தில் சட்டம் கடுமையாகியிருந்த சமயம். அதிகாரி ஒரு படம் காட்டியிருந்தார். படத்திலும் விரல் விரலாக இலை. பட்டணத்தில் வளர்ந்த மனிதருக்கு அது போதுமானதாக இருந்தது.

"இது புளிச்சைங்க. கடைஞ்சி சாப்புடுற கீரை" என்றாள் வீரம்மாள். ஓர் இலையைக் கிள்ளி மென்றும் காட்டினாள். கஞ்சா பழகினவள் மென்றுதானே காட்டுவாள் என்று அவர் அதையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டார்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அவர் திரும்பி, "கீரைன்னு தெரிஞ்சவங்க யாராவது ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார்.

கையெழுத்து என்றதும் ஊருக்கே கீரை மறந்துபோனது. சுப்புராயன் பால் பொங்குவதாகக் கடைக்குள் ஓடினார். காசியம்மாள் முந்தின நாள் கடைந்த புளிச்சை இன்னும் அவள் வீட்டுச் சட்டியில் இருந்தது. அவள் தலை குனிந்துகொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வீரம்மாள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, அவர் பிடுங்கிக் கட்டிய செடிக்கட்டைத் தானே சுமந்துகொண்டு போலீஸ்காரருக்குப் பின்னால் நடந்தாள்.

பகலெல்லாம் உட்கார வைத்தார்கள். சாயங்காலம் வந்த ஏட்டு உழவர் வீட்டுப் பிள்ளை. கட்டைப் பார்த்ததுமே வாடிக்கிடந்த ஒரு பூவைப் பிரித்தார். வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. கஞ்சாவுக்கு ஏது இப்படிப் பூ என்று புதியவரைக் கடிந்துகொண்டு அவளை அனுப்பினார். இதைச் சொல்ல உங்கள் ஊரில் ஒருத்தருமா இல்லை என்று போகும்போது கேட்டார். பகல் முழுக்க அழாதவளுக்கு அந்தக் கேள்வியில் கண் கலங்கிவிட்டது.

குடிசை வாசலில் காசியம்மாள் சோற்றுக் கிண்ணத்தோடு காத்திருந்தாள். "கையெழுத்துன்னதும் பயந்துட்டேன்க்கா."

"எனக்கும் பயந்தான் காசி. நீ வந்திருந்தா ரெண்டு பேருமா பயந்துக்கினு உக்காந்திருப்போம்."

காசியம்மாள் அழுதுவிட்டாள். இனிமேல் எவர் கேட்டாலும் சொல்வேன் என்று தேம்பினாள். பசி பொறுக்காமல் வீரம்மாள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"செடி இன்னான்னு இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச நெசத்தை வேண்டிய நேரத்துல வாயத் தொறந்து சொல்லணும் காசி. சொல்லாம கதவைச் சாத்திக்கினா, அதுவும் பொய்ச்சாட்சிதான்."