முந்தின நாள் படம்

சிறுமலைக் காட்டில் எங்கே தீப்பிடிக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களில் தேடுவதுதான் ஆனந்தியின் ஆராய்ச்சி. அதற்காகக் கணினியில் நோட்புக் என்ற நிரல் ஏடு ஒன்று வைத்திருந்தாள். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மேலே எழுதினால் கீழே படங்கள் வந்து விழும். சூடான இடம் மட்டும் செக்கச்செவேலென்று தெரியும்.

அன்று காலை சிறுமலையின் எண்களை அழித்துவிட்டு, இந்தோனேசியத் தீவு ஒன்றின் எண்களைப் போட்டாள். அவளுடைய அக்கா ஜெசிந்தா அங்கே கன்னியாஸ்திரி. எரிமலை அடிவாரத்தில் ஒரு பள்ளி விடுதியில் முப்பது பிள்ளைகளோடு இருந்தாள். மலை வெடித்து இரண்டு நாளாகிறது. சாம்பலில் எதிரே நிற்பவர்கூடத் தெரியவில்லை, எந்தப் பக்கம் இறங்குவதென்று புரியவில்லை என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

படத்தில் வடக்கே போகும் சாலையைச் சிவப்பு குறுக்கே வெட்டியிருந்தது. தெற்கே ஆற்றுப்படுகை சூடில்லாமல் கறுப்பாகக் கிடந்தது.

"பிள்ளை எங்கிட்டுத்தான் இருக்கா?" என்று கேட்டார் பின்னால் நின்ற அப்பா பாஸ்கல். ஆனந்தி ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வடக்குச் சாலை வேண்டாம், ஆற்றுக்குள் இறங்கிப் போ என்று எழுதிப் படத்தை அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் தேதியைக் கவனித்தாள். அது முந்தின நாள் எடுத்த படம். அடுத்தது வர இன்னும் மூன்று நாளாகும். அதைச் சொல்ல எழுத ஆரம்பித்து அழித்தாள். சொன்னால் தயங்கி அங்கேயே நின்றுவிடுவார்களோ என்று பயம். அக்கா படத்தைப் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. அதன்பின் ஒரு தகவலும் இல்லை.

மறுநாள் மத்தியானம் கடற்கரை ஊரிலிருந்து ஜெசிந்தா கூப்பிட்டாள். பிள்ளைகள் முப்பது பேரும் பத்திரம். ஆனால் மழையில் சாம்பல் கரைந்து ஆற்றில் சேறு இறங்கியிருக்கிறது. மற்ற எல்லோரும் கரையேறிவிட்டார்கள், கடைசியாக வந்த விடுதிக் காவல்காரரைச் சேறு கொண்டுபோய்விட்டது.

அப்பா சிலுவை போட்டுக்கொண்டு அழுதார். ஆனந்தி போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

"அக்கா, நான் அனுப்புனது முந்தின நாளு படம். ஒங்கிட்டச் சொல்லல."

"தெரியும். மூலையில தேதி இருந்துச்சே."

"பெறகு ஏன் இறங்குன?"

"வேற என்னத்தக் கையில வச்சிருந்தேன்?" என்றாள் ஜெசிந்தா. "காவக்காரரு வரமாட்டேன்னுதான் சொன்னாரு. நாந்தான் ஒம் படத்தக் காட்டிக் கூட்டியாந்தேன்."

ஆனந்தி அவருடைய பெயரை மட்டும் கேட்டாள். ஜெசிந்தா சொன்னாள். அதைத் திருத்தமாகச் சொல்ல ஆனந்திக்கு மூன்று தடவை ஆயிற்று.